பாக்கியமேரியின் சிமிழ்

வீட்டில் பூண்டு வாசனை அடித்தது. பூண்டு வாசனை அடிக்காத வீடு ஆரணியில் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் அன்றைக்கு யோவான் வீட்டில் ஒரு பல் பூண்டு கிடையாது. தவக்காலத்து முதல் வெள்ளி. அவன் பெண்டாட்டி பாக்கியமேரி ஒருசந்தி விரதம் இருந்து, சாயந்தரம் வெறும் பருப்பும் சோறும் ஆக்கியிருந்தாள். பாத்திரம் கழுவி, ஜெபமாலை சொல்லி, விளக்கை அணைத்துப் படுத்து, தெருவில் கடைசித் தறியின் சத்தமும் ஓய்ந்த பிறகு அந்த வாசனை மெல்ல வந்தது. முதலில் அடுப்பங்கரைப் பக்கமிருந்து வருவதாக யோவான் நினைத்தான். பிறகு தலையணையை முகர்ந்தான், சுவரை முகர்ந்தான், கொடியில் தொங்கிய புடவையை முகர்ந்தான். கடைசியில் தூங்குகிறவளின் முகத்துக்குக் கிட்டே குனிந்தபோதுதான் தெரிந்தது, அது அவள் மூச்சில் வருகிறது. பக்கத்தில் ஐந்து வயது மகள் சாரா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சிலும் அதே வாசனை.

காலையில் கேட்டான். பாக்கியமேரி சிரித்துவிட்டாள்.

"பூண்டா? ஒருசந்தி அதுவுமா நான் பூண்டு துன்னுவேனா? உங்க மூக்குல தான் இன்னாவோ கோளாறு."

யோவானுக்கும் அப்படித்தான் பட்டது. அவன் மூக்கு நாள் முழுக்கக் கல்தூசி ஏறின மூக்கு. ஊருக்கு வெளியே வாடகைக் கட்டடம் ஒன்றில் கனிமம் தேடுகிறவர்களின் முகாம் இருந்தது. எங்கெங்கிருந்தோ ஜீப்பில் கற்கள் வரும். அவற்றைத் தட்டில் அடுக்குவது, எண் ஒட்டுவது, அறையைப் பெருக்குவது அவன் வேலை. மூன்று வருஷமாகத் தற்காலிக ஆள். ஏப்ரலில் நிரந்தர ஆர்டர் வரும் என்று ஆபீசரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். பாக்கியமேரி வேண்டாத புனிதர் இல்லை.

அவளுக்குப் பாவு பிணைக்கிற வேலை. தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், பழைய பாவின் நுனி ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் நுனியை முறுக்கிச் சேர்க்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் இழை. தறிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, விரலை நாக்கில் தொட்டு, சாம்பலில் தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு. மறுபடி நாக்கு, மறுபடி சாம்பல், மறுபடி முறுக்கு. சாம்பல் இல்லாவிட்டால் பட்டு வழுக்கிக்கொண்டு போய்விடும். இதில் பாக்கியமேரியின் கைக்கு அந்தத் தெருவே அடிமை. அவள் பிணைத்த பாவில் ஒரு முடிச்சும் அவிழாது என்பார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் அவள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். சந்தன நிறப் பாவில் அடுப்புச் சாம்பல் கறுப்பாகப் பிடித்துவிட்டதாம். தறிக்காரர் நாலு பேர் முன்னால் கண்டபடி பேசிவிட்டாராம். நல்ல வெளுப்பான, வழவழப்பான பொடி ஏதாவது கிடைத்தால் தேவலை என்றாள்.

யோவானுக்கு உடனே அந்தக் கல் ஞாபகம் வந்தது. முஷ்டி அளவு கறுப்புக் கல். அதன் வெடிப்பிலெல்லாம் எலுமிச்சை நிறத்தில், கொஞ்சம் பச்சை கலந்து, ஒரு பொருக்கு படர்ந்திருந்தது. கிட்டே வைத்துப் பார்த்தால் பொருக்கு முழுக்கச் சின்னச் சின்னச் சதுரத் தகடுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. நகத்தால் நெம்பினால் காக்காப்பொன் மாதிரி ஏடு ஏடாகப் பிரியும். தகரக் கூரைக்குக் கீழே இருந்து இருந்து அதில் இருந்த ஈரம் வற்றி, பளபளப்பு மங்கி, தட்டில் தானாகவே உதிர்ந்து கிடந்தது. விரலால் தேய்த்தான். மாவாகிவிட்டது, துணியில் கறையும் பிடிக்கவில்லை. குப்பையாகப் போகிறதை எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று, ஒரு மரச்சிமிழ் நிறையக் கூட்டி எடுத்துவந்து பெண்டாட்டி கையில் கொடுத்தான்.

பாக்கியமேரிக்குத் தலைகால் புரியவில்லை. பட்டு பிடித்த பிடி விடவில்லை, பாவில் பொட்டுக் கறை இல்லை. கட்டின நாளிலிருந்து இவன் கொடுத்ததிலேயே உருப்படியான பொருள் இதுதான் என்று தெருவில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பூண்டு வாசனை அடித்த நாலாம் நாள், ஆபீசர் அந்தக் கல்லை மேஜைக்கு எடுத்து வரச் சொன்னார். ஒரு துணுக்கைக் கரித்துண்டின் குழியில் வைத்து, ஊதுகுழலால் சுடரை அதன்மேல் ஊதினார். வெள்ளையாக ஒரு புகை எழுந்தது. பக்கத்தில் நின்ற யோவானின் மூக்கில் குப்பென்று ஏறியது பூண்டு.

"வாசனை வருதா? அதுதான் அடையாளம்," என்றார் ஆபீசர். "இதில் யுரேனியம் இருக்கு, கூடவே ஆர்சனிக். பாஷாணம்னு சொல்றீங்களே, அது. தாய்க்கல் ஆழத்தில் கறுப்பா இருக்கும். மேலே இருந்து காத்தும் தண்ணியும் இறங்கி அதை அரிச்சு, வெடிப்பில் இப்படிப் பூக்க வைக்கும். அழகா இருக்குன்னு கையில் எடுத்துடாதே. தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவு. வாய்க்குக் கிட்டே கொண்டு போகவே கூடாது."

பிறகு அறைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, மின்கலப் பெட்டியோடு இணைத்த ஒரு சின்ன விளக்கை எடுத்தார். அதன் வெளிச்சம் வெளிச்சமாகவே இல்லை, மங்கலான ஊதா. ஆனால் அது பட்டதும் கல் எரிந்தது. பச்சையா மஞ்சளா என்று சொல்ல முடியாத ஒரு நிறம், கண்ணுக்குள் போய்க் குத்துகிற நிறம். விளக்கை அணைத்தார், கல்லும் அணைந்தது. கல்லுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, வாங்கினதைத்தான் திருப்பித் தருகிறது என்று விளக்கினார். யோவான் அதில் பாதியைக் கேட்கவில்லை. அவன் மனசில் பாக்கியமேரி நாக்கை நீட்டி விரலை நனைத்துக்கொண்டிருந்தாள். நாலாயிரம் இழைக்கு நாலாயிரம் தடவை.

அன்று சாயந்தரமே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் ஓடினான். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் ஆபீசர் தட்டை நிறுத்துப் பார்த்தார். உதிர்ந்த பொருக்கில் பெரும்பகுதியைக் காணோம். இது அரசாங்கச் சொத்து, அதிலும் யுரேனியம். எடுத்தவன் வேலையும் போகும், ஜெயிலுக்கும் போவான் என்றார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். யோவானுடைய வாய் அந்த நிமிஷத்தில் மூடிக்கொண்டது. யார் அந்த அறைக்குள் போவார்கள் என்று அவர் கேட்டபோது மட்டும் திறந்தது. கல் இறக்குகிற எல்லப்பன் அடிக்கடி போவான் என்றான்.

தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற கூலிக்காரன் எல்லப்பன். மறுநாளே அவனை நிறுத்திவிட்டார்கள். அவன் யாரோடும் சண்டை போடவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ பார்த்தியா யோவான், நான் எடுத்தத?" என்று மட்டும் கேட்டான். யோவான் ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? சொன்னால் பாக்கியமேரி தெருவில் சொல்வாள், அழுவாள், டாக்டரிடம் ஓடுவாள், டாக்டர் எங்கே கிடைத்தது என்று கேட்பார். ஏப்ரல் வரட்டும் என்று நினைத்தான். ஆர்டர் கையில் வந்ததும் சொல்லிவிடலாம். இடையில் ஆறே வாரம்.

ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது சிமிழைக் காலி செய்து, முகத்துக்குப் போடும் பவுடரை நிரப்பி வைத்தான். சாயந்தரம் அவள் முகம் சுருங்கி வந்தாள்.

"இன்னாங்க, இதை நீங்களா மாத்தினீங்க? பிடிக்கவே மாட்டேங்குது."

"அது கல்லுத் தூசி, மேரி. அழுக்கு. வேணாம், வுட்டுடு."

"நீங்க தானே கொண்ணாந்தீங்க? அழுக்குன்னா அப்பவே சொல்றது," என்றவள், தகரப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தாள். நல்ல பொருள், ஒரே இடத்தில் வைத்தால் சாரா கொட்டிவிடுவாள் என்று பாதியை எப்போதோ பிரித்து வைத்திருந்தாளாம். அவன் பார்க்கப் பார்க்கச் சிமிழை மறுபடி மஞ்சளாக நிரப்பினாள். ஒரு வார்த்தை போதும் அவளை நிறுத்த. அந்த வார்த்தை அவன் பல்லுக்குப் பின்னால்தான் இருந்தது.

அதை விழுங்கிவிட்டு, யோவான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையைப் பார்த்தான். இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். வயிறு சரியில்லை என்று சொல்லி வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஹோட்டலில் காலையும் ராத்திரியும் சாப்பிட்டான். வீட்டுப் பானையில் தண்ணீர் மொள்ளவில்லை. ராத்திரி சுவரோரம் உட்கார்ந்து, பாக்கியமேரி அந்த விரல்களால் சோற்றைப் பிசைந்து உருட்டிச் சாராவுக்கு ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு உருண்டை. இன்னொரு உருண்டை. குழந்தை போதும் போதும் என்று தலையை ஆட்டும். இன்னும் ஒரு வாய், செல்லம், என்று அவள் கெஞ்சுவாள்.

மார்ச் பிறந்தது. பாக்கியமேரியின் உள்ளங்கையில் சின்னச் சின்னதாகக் காய்ப்பு ஏறியது, ஆணி அடித்தது போல. நகங்களின் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தது. கழுத்திலும் முதுகிலும் தோல் கறுத்து, அதில் மழைத்துளி தெறித்தது போல வெள்ளைப் பொட்டுகள். விரல் மரத்துப் போகிறது, நூல் கையில் இருப்பதே தெரியவில்லை என்றாள். தெரியாததால் முன்பு ஒரு தடவை நாக்கில் தொட்ட இடத்தில் இப்போது மூன்று தடவை தொட்டாள், மூன்று தடவை சிமிழில் தொட்டாள். சாரா பள்ளிக்கூடத்தில் வாந்தி எடுத்தாள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். வீட்டுக்குள் நுழைந்தாலே பூண்டு. அவனைத் தவிர யாருக்கும் அது தெரியவில்லை.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். பொடி எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துத் துடைத்துவிட்டால் போதும். சிமிழையும் பாட்டிலையும் கிணற்றில் போட்டுவிட்டு, திருடன் வந்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். பார்ப்பதற்குத்தான் ஆபீசரின் ஊதா விளக்கு இருக்கிறதே.

பெரிய வாரத்துக்கு முந்தைய வெள்ளி, ஆபீசர் கற்கள் பார்க்கப் பெரணமல்லூர் பக்கம் போயிருந்தார். யோவான் விளக்கையும் மின்கலப் பெட்டியையும் சாக்குப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். பாக்கியமேரியும் சாராவும் சிலுவைப் பாதைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வழக்கம்போல ஏழு மணிக்குக் கரண்டு போனது. தெரு முழுக்கத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பக்கத்து வீட்டில் யாரோ லாந்தருக்குத் தீப்பெட்டி தேடும் சத்தம். பிறகு அதுவும் இல்லை. ஜன்னலைச் சாத்தினான். கதவைச் சும்மா ஒருக்களித்தான். விளக்கின் பொத்தானை அழுத்தினான். வண்டு முனகுவது போல அது மெல்ல முனகியது.

தண்ணீர்ப் பானையின் விளிம்பில் ஒரு கட்டைவிரல் ரேகை பச்சையாக எரிந்தது.

பானையைத்தான் எதிர்பார்த்திருந்தான். ஈரத் துணியால் துடைத்தான். அடுத்தது டம்ளர், விளிம்பில் பாதி உதடு. உப்பு ஜாடியின் மூடி. மூடியைத் திறந்தான், உப்புக்குள்ளேயும் பொட்டுப் பொட்டாக எரிந்தது. அரிவாள்மனை. தீப்பெட்டி. சாராவின் சிலேட்டு. தாழ்ப்பாள். அவள் நாள் முழுக்க வீட்டில் எங்கே போனாள், எதைத் தொட்டாள், எங்கே கையூன்றி எழுந்தாள் என்று ஒன்றுவிடாமல் தெரிந்தது. சுவரின் அடியில், இடுப்புக்கும் கீழே, சின்னக் கைகள். ஐந்து விரலும் விரித்து, வரிசையாக, பாயிலிருந்து அடுப்பங்கரை வரைக்கும். சாரா சிமிழோடு விளையாடியிருக்கிறாள்.

துடைத்தான். துடைத்த இடம் அணையவில்லை. ரேகையாக இருந்தது பட்டையாகப் பரவியது. பானை முழுக்கப் பச்சை ஏறியது. துணி எரிந்தது. துணி பிடித்த கை எரிந்தது. கையை லுங்கியில் துடைத்தான். லுங்கி எரிந்தது.

விளக்கைத் தூக்கினான். சுவரில் பாடுபட்ட சுரூபம். ராத்திரி ஜெபம் முடிந்ததும் குடும்பமாகப் பாதத்தில் உதடு வைத்து முத்தி செய்கிற சுரூபம். இயேசுவின் பாதத்தில் ஒரு பெரிய உதடு. அதன்கீழ் ஒரு சின்ன உதடு. பக்கத்தில் மூன்றாவது உதடு, மேலே மீசை மயிர் கீறின கோடுகளோடு.

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். பொத்தின கை எந்தக் கை என்று பிறகுதான் நினைவு வந்தது.

கதவு கிறீச்சிட்டது.

சாராதான் முதலில் வந்தாள். அவள் நெற்றியில் சிலுவை. ஒன்றல்ல. தூங்கப் போகுமுன் அம்மா கட்டைவிரலால் போடுகிற சிலுவை, நாள் மேல் நாளாக, ஒன்றின்மேல் ஒன்றாக, மயிர்க்கால் வரைக்கும். உதட்டைச் சுற்றிலும் பச்சை. அவள் பின்னால் பாக்கியமேரி, முக்காடு போட்டபடி.

"இன்னாங்க பண்ணிகினு இருக்கீங்க இருட்டுல?"

பேசும்போது அவள் வாய் தெரிந்தது. பல். ஈறு. நாக்கு. தொண்டைக்குள்ளே இறங்கிப் போகிற மட்டும்.

யோவான் பின்னால் நகர்ந்தான். முதுகு சுவரில் இடித்தது.

"உங்க நெத்தியில தெரியுதே, அது நான் போட்டது தானே?" என்றாள் அவள், ஆச்சரியமாக, சந்தோஷமாகக்கூட. "நீங்க சரியா துன்றதில்லையா, எவனாவது இன்னாவாவது வச்சுட்டானோன்னு பயந்துகினு, தெனமும் நீங்க தூங்கினதும் மூணு எடத்துல சிலுவை போட்டுகினு வரேன். நெத்தியில, உதட்டுல, நெஞ்சுல. பொடி தொட்டுத் தான் போடுவேன். நீங்க எனக்காகக் கொண்ணாந்தது, ஆசையா."

பொத்தானை அழுத்தினான். விளக்கு அணைந்தது. முனகல் நின்றது.

பானை அணைந்தது. சுவர் அணைந்தது. சின்னக் கைகள் வரிசையாக அணைந்தன. அவன் கை அணைந்தது.

இரண்டு வாய்கள் மட்டும் அணையவில்லை.

வாசற்படியில் ஒன்று உயரத்தில். ஒன்று தாழ. இருட்டில் வேறு எதுவும் இல்லை. முகம் இல்லை, உடம்பு இல்லை. உயரத்தில் இருந்தது, இன்னாங்க, இன்னாங்க, என்று கேட்டது. கேட்கும்போது பெரிதானது. கேட்டு முடித்ததும் கோடானது.

இப்போது சொல்லிவிட வேண்டும். ஆர்டர் போகட்டும். ஜெயில் வரட்டும். சொல்லிவிட வேண்டும். இத்தனை நாள் பல்லுக்குப் பின்னால் வைத்திருந்ததை நாக்குக்குக் கொண்டுவந்தான்.

"மேரி, அந்தச் சிமிழு..."

எதிர்ச் சுவர் பச்சையாகத் தெரிந்தது. சுவரில் சுரூபம் தெரிந்தது. பாக்கியமேரியின் முகம், முக்காடு, கறுத்த கழுத்து எல்லாம் தெரிந்தன. சாராவின் கண்கள் அகலமாகத் தெரிந்தன. அவை பார்த்துக்கொண்டிருந்தது அவன் வாயை.

வாயை மூடினான். சுவர் மறைந்தது.

சாரா கை தட்டினாள்.

"இன்னொரு வாட்டி தொறங்கப்பா."

அவன் பல்லைக் கடித்தான். கொலுசுச் சத்தம் கிட்டே வந்தது. பூண்டு வாசனை முகத்தில் அடித்தது. இருட்டில் அவளுடைய சின்ன விரல்கள் அவன் தாடையைத் தடவி, மீசையைத் தடவி, உதட்டைக் கண்டுபிடித்து, பல்லுக்கு நடுவே மெல்ல நுழைந்தன.